அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஏறுடா

நான் ஓய்வுபெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கொடுத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த இளம் என்ஜினீயர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "செங்கோடன் அய்யா எப்பவுமே ஷூட் ஃப்ரம் த ஹிப்!" என்றார். கூட்டம் கைதட்டியது. தட்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதன் அர்த்தம் தெரியாது. எனக்கும் தெரியாது.

நல்ல வேளையாக அவரே விளக்கினார். அது இங்கிலீஷ்காரர்கள் சொல்வதாம். துப்பாக்கியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, குறி பார்த்துச் சுடுகிறவன் ஒரு ரகம். இடுப்பு உறையிலிருந்து உருவின கையோடு, இடுப்பு உயரத்திலேயே வைத்து டுமீல் என்று சுடுகிறவன் இன்னொரு ரகம். முன்பின் யோசிக்காமல், தயங்காமல், மனதில் பட்டதைத் துணிச்சலாகப் போட்டு உடைக்கிறவர்களை அப்படிச் சொல்வார்களாம். "அய்யா அந்த ரகம்" என்றார். மறுபடியும் கைதட்டல்.

சுட்டவனைப் பற்றி இவ்வளவு பேசினார்களே, குண்டு யார்மேல் பட்டது என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். பட்டவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் இதற்கு 'எடுத்தேன் கவிழ்த்தேன்' என்போம். பாராட்டாகச் சொல்ல மாட்டோம். ஆனால் காலம் மாறிவிட்டது. இப்போது இளவட்டங்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழும். தெரியாது என்று சொல்வது அவமானம், பார்த்துச் சொல்கிறேன் என்பது மக்குத்தனம். எங்கள் பக்கம் கிணறு வெட்டுகிற இடத்துக்கு ஒருத்தன் வருவான். மண்ணைக்கூடக் கையில் எடுக்காமல், "இங்க போடுங்க, எண்பது அடியில தண்ணி பீச்சும்" என்பான். இருநூறு அடி போன பிறகு அவனைத் தேடினால் ஆள் இருக்க மாட்டான். அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அந்தச் சாதிதான். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கரண்ட் ஆபீஸில் எனக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஹெல்பராகச் சேர்ந்து குழி தோண்டினேன், கம்பம் சுமந்தேன், வயர்மேன் ஆனேன், லைன்மேன் ஆனேன். அதையெல்லாம் விரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லாரும் தோண்டின குழிதான். வேலையில் நான் நடுத்தரம். வாயில் மட்டும் முதல் தரம்.

எழுபதுகளின் ஆரம்பம், மின்வெட்டுக் காலம். சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு பிரிவில் இருந்தேன். காட்டில் வெங்காயமும் கரும்பும் காய்கிறது என்று விவசாயிகள் சைக்கிளில் வந்து ஆபீஸ் வாசலில் நிற்பார்கள். "ஏனுங்க, கரண்டு எப்பங்க வரும்?" என்பார்கள். மற்றவர்கள் மென்று விழுங்குவார்கள். நான் நாற்காலியில் சாய்ந்தபடியே, "நாலு மணிக்கு வந்துரும், போங்க" என்பேன். நாலு மணி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. வந்தால் 'செங்கோடன் சொன்னா சொன்னதுதான்' என்பார்கள். வராவிட்டால், "மேலிடத்துல நிறுத்திப்போட்டாங்க, நான் என்ன பண்றது?" என்று அதே தெம்போடு சொல்வேன். அதையும் நம்புவார்கள். சரியான பதிலைவிடச் சூடான பதிலைத்தான் ஜனங்களுக்குப் பிடிக்கிறது. அந்த ருசியைக் கண்டுகொண்டேன்.

எனக்கு மேலே லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர் பொன்னுசாமி. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, நூலில் கட்டித் தொங்கும் பென்சில். அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பாத்துப்போட்டுச் சொல்றனுங்க." ஹெல்பர் கேட்டாலும் அதே 'ங்க'தான். கேள்வியை முதலில் நோட்டில் எழுதுவார். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் இடத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து, கேட்டவனைத் தேடிப் பிடித்துச் சொல்வார். அதற்குள் கேட்டவன் கேள்வியையே மறந்திருப்பான்.

அவரோடு வேலைக்குப் போனால் பொறுமை போய்விடும். கம்பத்தில் ஆள் ஏறுவதற்கு முன் டிரான்ஸ்பார்மருக்குப் போய் ஸ்விட்சைத் திறப்போம். திறந்தாயிற்று என்று நாம் சொன்னால் போதாது. அண்ணாந்து பார்த்து, கரண்டை இணைக்கிற மூன்று பிளேடும் தனித்தனியாக விலகி நிற்கிறதா என்று விரல் நீட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணுவார். கைப்பிடியைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பீஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் பையிலேயே வைப்பார். அப்புறம் டெஸ்ட் லாம்ப். கம்பியில் வைத்து விளக்கு எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று அர்த்தம். அவருக்கு அதுவும் போதாது. வரும் வழியிலேயே, கரண்ட் உள்ள வேறொரு இடத்தில் வைத்து அந்த விளக்கு எரிகிறதா என்று பார்த்திருப்பார். "பல்பே பீஸ் போயிருந்தா அது எப்பிடிங்க சொல்லும்?" என்பார்.

கடைசியாகச் சங்கிலி. வேலை செய்யும் இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலு கம்பிகளையும் சங்கிலியால் ஒன்றாகக் கட்டி, பூமியில் அடித்த இரும்புத் தடியோடு சேர்த்துவிட வேண்டும். எங்கிருந்தாவது கரண்ட் வந்துவிட்டாலும் அது பூமிக்குப் போய்விடும், கம்பத்தில் இருக்கிற ஆள் தப்பிப்பான். கோணிச்சாக்கில் போட்ட அந்தச் சங்கிலி நல்ல கனம். இரண்டு பக்கமும் கட்டி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். லைனில் ஏதாவது மில் இருந்தால் அங்கேயும் போய் மெயின் ஸ்விட்சைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வருவார். இத்தனையும் முடிந்த பிறகுதான், "இப்ப ஏறுங்க சாமி" என்று ஒரு வார்த்தை வரும்.

நான் டீக்கடையில் அவரைப் போலவே நடித்துக் காட்டுவேன். நூல் பென்சிலை இழுப்பது, நாக்கில் தொட்டு எழுதுவது, அண்ணாந்து எண்ணுவது எல்லாம் வரும். கல்யாண வீட்டில் அவரிடம், "சாப்பாடு எப்பிடிங்க?" என்று கேட்டார்களாம், மோர் சாதம் முடிகிற வரைக்கும் "பாத்துப்போட்டுச் சொல்றனுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம் என்று கதை கட்டிவிட்டேன். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அதிகமாகச் சிரித்தது அங்கமுத்து.

அங்கமுத்து எனக்குக் கீழே வயர்மேன். இருபத்தெட்டு வயசு, கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள். கம்பத்தில் ஏறினால் பல்லி தோற்றுப்போகும். சந்தோஷம் வந்தால் இரண்டு கையாலும் படபடவென்று தட்டுவான். என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவான். நான் சொன்னால் நம்புவான்.

அந்த வருஷம் பங்குனிக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் பெரும் காற்று அடித்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் அப்போதைய என்ஜினீயர் ஜீப்பில் ஆபீசுக்கு வந்தார். ஊருக்கு வெளியே, குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி பண்ணுகிற ஒரு சேகோ மில்லுக்குப் பக்கத்தில் தென்னை மட்டை விழுந்து லைன் அறுந்திருந்தது. மில் நின்றுபோய்விட்டது, சுற்றுவட்டாரத்துப் பம்புசெட்டுகளும் நின்றுவிட்டன. மில்காரரும் விவசாயிகளும் மாற்றி மாற்றி அவரை நச்சரித்திருந்தார்கள்.

"எவ்வளவு நேரமாகும் பொன்னுசாமி?" என்று கேட்டார்.

"பாத்துப்போட்டுச் சொல்றனுங்க சார்."

"பாக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சுரும்யா உனக்கு!" என்று எரிந்து விழுந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் கேட்கக்கூட இல்லை, நானே சொன்னேன்: "அரை மணி நேரம் போதுங்க சார்."

நான் அந்தக் கம்பத்தைப் பார்த்திருக்கவில்லை. எத்தனை கம்பி அறுந்தது, இன்சுலேட்டர் உடைந்ததா, மட்டை இன்னும் மேலேயே தொங்குகிறதா, எதுவும் தெரியாது. அரை மணி என்பது என் வாய்க்கு வந்த ஒரு கணக்கு, அவ்வளவுதான். என்ஜினீயர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆளுன்னா இப்படி இருக்கணும். நீ போய் முடிச்சிட்டு வா. பொன்னுசாமி, நீ ஆபீஸ்ல இருந்து ரிஜிஸ்டரப் பாரு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பொன்னுசாமி, நான் சைக்கிளில் காலைப் போடும்போது வாசல்வரை வந்து, "செங்கோடா, சங்கிலிய எடுத்துக்கிட்டீங்களா?" என்றார்.

"எடுத்தாச்சுங்க" என்றேன். சாக்கு சுவரோரம் சாய்ந்து கிடந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கமுத்துவும் நானும் போய்ச் சேர்ந்தபோது அங்கே இருபது முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டம் என்றால் எனக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். டிரான்ஸ்பார்மர் ஸ்விட்சைத் திறந்தோம், பீசைப் பிடுங்கினோம், டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தோம், எரியவில்லை. அதுவரைக்கும் எல்லாம் முறைப்படிதான். கம்பத்தடிக்கு வந்தால், மட்டையை வெட்டி இறக்கவே இருபது நிமிஷம் போய்விட்டது. அரை மணியில் மிச்சம் பத்து நிமிஷம்.

கம்பத்துக்குப் பக்கத்தில் மில்லின் முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். மில்லின் வாசல் அங்கிருந்து ஐம்பது அறுபது அடி தூரம் இருக்கும்.

அங்கமுத்து இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "ஏனுங்ண்ணா, சங்கிலி?" என்றான்.

"ரெண்டு நிமிச வேலைக்குச் சங்கிலி எதுக்குடா? லைன் செத்துக் கெடக்குது, நீதான பாத்த?"

அவன் ஏறவில்லை. கம்பத்தில் ஒரு கையை வைத்தபடி மில் பக்கம் பார்த்தான். "இந்த மில்லுல புதுசா ஜெனரேட்டர் எறக்கியிருக்கறதா பேசிக்கறாங்களே. அதைப் போட்டாங்கன்னா நம்ம கம்பிக்குத் திரும்பி வந்துருமுங்களே. பாத்தீங்களாண்ணா?"

நியாயமான கேள்வி. மின்வெட்டு வந்ததிலிருந்து மில்காரர்கள் ஒவ்வொருத்தராக டீசல் ஜெனரேட்டர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதை முறையாக இணைத்தால் மில்லுக்குள் மட்டும் கரண்ட் போகும். அரைகுறையாக இணைத்திருந்தால் செத்த லைனுக்கும் உயிர் வந்துவிடும். இந்த மில்லில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஐம்பது அடி நடந்து போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். 'தெரியலடா, இரு, கேட்டுட்டு வாரேன்' என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது செங்கோடன் வாயிலிருந்து 'தெரியல' என்ற வார்த்தை வருமா?

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஏறுடா!" என்றேன். கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னேன்.

அவன் இரண்டு எட்டு ஏறிவிட்டு நின்று, "நெசமாத்தானுங்ண்ணா?" என்று கீழே பார்த்தான். இரண்டாவது தடவையும் கேட்டான்.

"ஏன்டா, பொன்னுசாமிகிட்ட நோட்டு வாங்கிட்டு வந்துட்டியா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு மேலே ஏறினான்.

ஐந்து நிமிஷம் இருக்கும். அறுந்த கம்பியை இழுத்து அவன் முறுக்கிக்கொண்டிருந்தான். அப்போது மில்லுக்குள்ளிருந்து தடதடவென்று ஒரு சத்தம் வந்தது. என் பக்கத்தில் நின்ற ஒரு விவசாயி, "அதென்னங்க சத்தம்?" என்றார்.

"மோட்டாருங்க" என்றேன். வழக்கம்போலப் பட்டென்று.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். லைனை நிறுத்திவைத்த இடத்தில் எந்த மோட்டார் ஓடும்? அந்த யோசனை முடிவதற்குள் மேலே அங்கமுத்து அலறினான்.

மாவுப்பால் தொட்டியில் புளித்துப்போய்விடும் என்று ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். மேலே அவன் கயிற்றில் துடித்துக்கொண்டிருந்தான். வலது கை கம்பியோடு ஒட்டியிருந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த என் வாய் அப்போது திறந்தபடியே நின்றது. தோல் சீவிக்கொண்டிருந்த பெண்களில் அருக்காணி என்ற ஒருத்திதான் கத்தியைப் போட்டுவிட்டு, "அதை நிறுத்துங்கடா, ஆளு மேல இருக்குது!" என்று அலறிக்கொண்டு மில்லுக்குள் ஓடினாள். அவள் ஓடாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அங்கமுத்துவை நாங்கள் பிணமாகத்தான் இறக்கியிருப்போம்.

சேலம் ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தது. வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இதற்கு மேல் அவரை 'அவன்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்று வாரம் கழித்து விசாரணை. மேலதிகாரி ஒருவர் வந்து எங்கள் ஆபீசிலேயே மேஜை போட்டு உட்கார்ந்தார். அங்கமுத்து இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தார். விஷயம் எளிது. முறை தவறி அவராகவே ஏறியிருந்தால் தப்பு அவருடையது, வேலை போய்விடும். ஒற்றைக் கையோடு, இரண்டு குழந்தைகளோடு அவர் தெருவில் நிற்க வேண்டியதுதான். அவருக்கு மேல் பொறுப்பில் இருந்தவன் ஏறச் சொல்லியிருந்தால், உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கிடைக்கும். ஆக, அந்த மனுஷனுடைய பிழைப்பு நான் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் இருந்தது.

"சங்கிலி கட்டாம ஏறச் சொன்னது யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

என் வாழ்க்கையில் முதன்முறையாக, பேசுவதற்கு முன் யோசித்தேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். ஜன்னலைப் பார்த்தேன். வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, "நான் சங்கிலி கட்டணும்னுதானுங்க சார் சொன்னேன். அவந்தான் அவசரப்பட்டு ஏறிட்டான்" என்றேன்.

பாருங்கள், யோசிக்க எனக்குத் தெரியாமல் இல்லை! அடுத்தவன் உயிருக்கு யோசிக்காதவன் என் வேலைக்கு எவ்வளவு நிதானமாக யோசித்தேன்! துணிச்சல் பேச்சுக்காரர்கள் என்று ஊர் கொண்டாடுகிறதே, அத்தனை பேரிடமும் இதைத்தான் பார்த்திருக்கிறேன். குண்டு அடுத்தவன் பக்கம் போகிற வரைக்கும்தான் அவர்கள் துணிச்சல். தன் பக்கம் திரும்பினால் உலகத்திலேயே நிதானமான ஆட்கள் அவர்கள்தான். த்தூ!

அதிகாரி பொன்னுசாமியைப் பார்த்து, "இவர் சொல்றது சரியா?" என்றார்.

பொன்னுசாமி நோட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, கேள்வியை எழுதினார். "பாத்துப்போட்டுச் சொல்றனுங்க சார்."

"இன்னிக்கே முடிக்கணும்யா!"

"பாக்காமச் சொன்னா அது என்னோட வார்த்தையா இருக்காதுங்களே" என்றார். அவ்வளவு பெரிய அதிகாரியிடம் அப்படி ஒருத்தன் பேசி நான் கேட்டதில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. நாலு நாள் தவணை கொடுத்தார்கள்.

அந்த நாலு நாளும் அவர் என்ன செய்தார் என்பதை நோட்டை வைத்து அவர் வாசித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். முதல் நாள் அந்தக் கம்பத்திலிருந்து தோல் சீவும் கொட்டகைக்கு நடந்து எண்ணியிருக்கிறார்: இருபத்திரண்டு எட்டு. இரண்டாம் நாள் கொட்டகைப் பெண்களைத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார், ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்குக் கேட்காதபடி. எட்டுப் பேரும் நான் அன்று கத்தின அதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் ஒரு ஆளைக் கம்பத்தடியில் நிறுத்தி, அதே வார்த்தைகளைக் கத்தச் சொல்லிவிட்டு, தான் போய்க் கொட்டகையில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து காதில் விழுகிறதா என்று பார்த்திருக்கிறார். "சீவற சத்தத்தோட கேட்டா கேக்குமான்னு சந்தேகமா இருந்துதுங்க. சீவச் சொல்லிப்போட்டே கேட்டனுங்க. கேட்டுதுங்க" என்றார். நாலாம் நாள் அங்கமுத்துவைப் பார்க்கச் சேலம் போயிருக்கிறார்.

கடைசியாக ஒரு வரி வாசித்தார். சம்பவத்தன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சங்கிலிச் சாக்கு ஆபீஸ் சுவரோரம் இருந்தது. அதை அவர் அன்றே பார்த்து எழுதிவைத்திருக்கிறார். பிறகு நோட்டை மேஜைமேல் அதிகாரிக்கு முன்னால் வைத்தார். எட்டுப் பெண்களின் கைநாட்டும் அதில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அவருடைய முத்துமுத்தான எழுத்தில், 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஏறுடா' என்று இருந்தது.

"என்னய்யா சொல்ற?" என்று அதிகாரி என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க சார்" என்றேன்.

எனக்கு ஆறு மாசம் சஸ்பென்ஷன். பதவி உயர்வைப் பல வருஷத்துக்குத் தள்ளிப்போட்டார்கள். அது போதாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என்னை அனுப்பிவைத்த என்ஜினீயர், 'அவன்தான் அரை மணின்னு சொன்னான்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்கு மாறிப்போனார். அங்கமுத்துவுக்கு எங்கள் ஆபீசிலேயே டெலிபோன் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். வெளியே இருந்து நாங்கள் போன் பண்ணி, 'இன்ன லைனை நிறுத்தியாச்சு' என்று சொன்னால், இடது கையால் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்ள வேண்டும். இடது கையில் எழுத ஒரு வருஷம் பழகினார்.

நான் திரும்பி வந்த முதல் வாரம், ஒரு ஊர்க் கடையிலிருந்து போன் பண்ணினேன். "லைன் ஆஃப். எழுதிக்க" என்றேன்.

அந்தப் பக்கம் அங்கமுத்து. "பாத்தீங்களாண்ணா?" என்றது குரல்.

எனக்குச் சுருக்கென்றது. பழிவாங்குகிறார் என்று நினைத்தேன். கடைக்காரர் எதிரிலேயே, "என்னக் குத்திக் காட்றியா?" என்று கத்திவிட்டேன். "இல்லீங்ண்ணா. எல்லாத்தையுமே கேக்கறனுங்க. கேட்டு எழுதோணும்னு எனக்கு நானே வெச்சுக்கிட்டது" என்றார். விசாரித்துப் பார்த்தேன். உண்மைதான். போன் பண்ணுகிற ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பதினைந்து வருஷம் அந்தக் கேள்வி என் காதில் விழுந்துகொண்டிருந்தது. எண்பதுகளில் ஒருநாள், மழை வரப்போகிற நேரம், என் ஆட்கள் இரண்டு பேர் கம்பத்தடியில் நிற்கிறார்கள். நான் போனில், "ஆஃப், எழுதிக்குங்க" என்றேன். "பாத்தீங்களாண்ணா?" 'பாத்தேன்' என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. பார்க்கவில்லை. போனை வைத்துவிட்டு டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பிப் போய் அண்ணாந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு... மூன்றாவது பிளேடு திறக்காமல் ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கம்பியில் கரண்ட் இருந்தது. சரிசெய்துவிட்டு வந்து, "மூணாவது ஒட்டிக்கிட்டிருந்துது. இப்பப் பாத்துட்டேன்" என்றேன். "செரிங்ண்ணா, எழுதிக்கறேன்" என்றார். அவ்வளவுதான்.

இத்தனைக்குப் பிறகும் ஊரில் என் பழைய பெயர் போகவில்லை. செங்கோடன் என்றால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு, பயப்படாமல் பேசுகிற ஆள். புதிதாக வந்த பையன்கள் அதைக் கேள்விப்பட்டு, அதற்கு ஒரு இங்கிலீஷ் பட்டமும் கண்டுபிடித்து, மைக்கில் வைத்து வாழ்த்தினார்கள்.

அங்கமுத்துவுக்குச் சந்தோஷம் வந்தால் இப்போதும் தட்டுவார், இடது கையால் தொடையில். அன்று கூட்டம் முழுக்கத் தட்டியபோது அந்தக் கை தொடைமேல் சும்மா கிடந்தது. என்னை ஏற்புரை பேசக் கூப்பிட்டார்கள். மைக்குக்கு முன்னால் நின்று அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அன்றும் யோசித்தேன். யோசித்துவிட்டு, "எல்லாருக்கும் நன்றிங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். நான் பேச்சை அடக்கிக்கொண்டதைத் தன்னடக்கம் என்று நினைத்து அதற்கும் தட்டினார்கள்.

கூட்டம் கலையும்போது அங்கமுத்து வந்து, "வாரனுங்ண்ணா" என்றார். இரண்டு எட்டு போய்விட்டுத் திரும்பி, "இன்னிக்காச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. இதை எழுதி முடித்து, போன வாரம் அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டினேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். எங்கேயும் நிறுத்தவில்லை. முடித்ததும், "எல்லாஞ் செரிங்ண்ணா. ஒரு எடந்தான் தப்பா இருக்குது" என்றார்.

"எங்கங்க?"

"ரெண்டு தடவ கேட்டேன்னு எழுதியிருக்கறீங்க. மூணு தடவ கேட்டனுங்க. மேல போயி, கம்பியத் தொடறதுக்கு முன்னால ஒருக்காக் கேட்டேன். நீங்க யாருகூடவோ பேசிச் சிரிச்சிக்கிட்டிருந்தீங்க."

மேலே எழுதியதை நான் அடித்துத் திருத்தவில்லை. எனக்குக் கேட்டது இரண்டுதான்.